பின்னால் வைத்த கை

பஞ்சம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று வயிறு நிறைந்தவர்கள் சொல்வார்கள். பொய். பஞ்சத்தில் என் வாய் இன்னும் கெட்டுப்போனது.

பழவேற்காட்டில் நாங்கள் கட்டம்போட்ட துணி நெய்பவர்கள். நானும் தம்பியும் ஒரே வீடு, எதிரெதிர்த் தறி. அப்பா முன்பே போய்விட்டார். மழை பொய்த்தது, பருத்தி வரவில்லை, தறி நின்றது. துணி ஏற்றிப்போன உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கப்பல்களில் அந்த வருடம் ஆட்கள் ஏறினார்கள். தரகன் ஒருவன் கரையில் கொட்டகை போட்டிருந்தான். உள்ளே போனால் கஞ்சி. காற்று திரும்பியதும் கப்பல், ஜாவா, அடிமை வேலை. போனவர் யாரும் திரும்பியதில்லை.

தம்பி போகிறேன் என்றான்.

"சோத்துக்கு உடம்ப விக்கிறியே, வெக்கமா இல்ல? நைனா இருந்தா செருப்பால அடிச்சிருப்பாரு!"

"நைனா இருந்தா சோறு போட்டிருப்பாரு. அங்க சோறும் உண்டு, உன் வாயும் இல்ல. ரெண்டுமே லாபந்தான்."

நான் கத்தியதும் பாயைத் தெருவுக்கு எடுத்துப்போனான். தெருவிலும் போய்க் கத்தினேன். கொட்டகைக்குப் பக்கத்து மரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

ஏரியில் இறால் இருந்தது. உலாந்தாக்காரர் கோட்டை வாசலில் கொடுத்தால் அரிசி தருவார்கள். ஆனால் தறிக்காரர் சேற்றில் இறங்குவதில்லை. சேற்றில் தவழ்ந்து கையால் இறால் பிடிப்பவர்களோடு நாங்கள் தண்ணீர்கூடப் புழங்கியதில்லை. என்ன பெரிய கௌரவம்! பசி அதைத் தின்ற பிறகு இறங்கினேன்.

ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, முழங்காலிட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். வாயைத் திறந்தால் கூடை போய்விடும். விவரம் தெரிந்த நாளிலிருந்து யாரையும் திட்டாமல் நான் கழித்த முதல் காலை அதுதான்.

வற்றிய ஏரியில் பூநாரைகள் நின்றன. வெயில் பட்டதும் அத்தனையும் ரோஜா நிறம். வயிறு காயும் நேரத்தில் இது எதற்கு என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் கண் அங்கேயே போனது. பிறந்ததிலிருந்து அந்தக் கரையில் இருந்தவன், அன்றுதான் அவற்றைப் பார்த்தேன். அதுவரை பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இறால் மட்டும் சிக்கவில்லை. விரலில் பட்டதும் பாய்ந்து பிடித்தேன். வழுக்கி ஓடியது. பக்கத்தில் தவழ்ந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கூடையை வாயிலிருந்து எடுத்துச் சிரித்தாள்.

"இன்னா அண்ணாத்தே, அறுந்த நூலப் புடிக்கிறியா? முன்னால பாய்ஞ்சா அது பின்னால தாவும். ஒரு கைய பின்னால வெச்சிக்கினு சும்மா இரு. இன்னொரு கையால லேசாத் தொடு. அதுவா வந்து உக்காரும்."

"ம்ம்" என்றேன். அவ்வளவுதான் முடிந்தது.

"கயிறு வாயில இருந்தா நல்ல மனுசனாத்தான்யா இருக்குற!"

சொன்னபடி செய்தேன். உள்ளங்கைக்குள் ஒன்று வந்து துடித்தது. உடனே தம்பியின் பாய் நினைவுக்கு வந்தது. வீடு, தெரு, மரத்தடி. ஒவ்வொரு முறையும் முன்னால் பாய்ந்தவன் நான்தான்.

பாதிக் கூடை நிறைந்தபோது காற்று திரும்பியது. தூரத்தில் கப்பல் பாய் விரித்தது. எழுந்து ஓடினேன்.

கொட்டகை வாசலில் வரிசை நின்றது. அதில் தம்பியும் நின்றான். நான் எதிரில் போகவில்லை. பின்னால் போய், சேற்றுக் கையை அவன் முதுகில் வைத்தேன். அவன் உடம்பு விறைத்தது. திட்டு விழும் என்று காத்திருந்தான். விழவில்லை. திரும்பி, என் பல்லில் தொங்கிய கூடையைப் பார்த்தான்.

"வாய்க்குப் பூட்டு போட்டுட்டாங்களா?"

முன்னால் நின்றவன் உள்ளே போனான். நெஞ்சுக்குள் அத்தனை வசவும் முட்டியது. பல்லை இறுக்கினேன். தம்பி அடியெடுத்து வைக்கவில்லை. அவன் முதுகின் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக என் கைக்குள் இறங்கியது.

பிறகு கூடையை என் வாயிலிருந்து எடுத்தான். "இன்னிக்குக் கஞ்சிக்கு ஆவுமா?"

"ஆவும். நாளைக்கு ஆள் வேணும்."

"கத்த மாட்டியே?"

"கயிறு வாயில இருக்குற வரைக்கும்."

குணம் மாறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றும் கத்துகிறேன். கத்தும்போது என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

மறுநாள் ஏரியில் இரண்டு தறிக்காரர்கள் கூடையைக் கடித்துக்கொண்டு தவழ்ந்தோம். முன்னால் போன அந்தப் பெண் திரும்பிப் பார்த்து ஏதோ கேலி செய்தாள். பதில் சொல்ல இருவருக்கும் வாய் இல்லை.