ஊற்றாமல் தாண்டிய இலை

இருபத்தோரு வருடமாகச் சிறை கிளினிக்கில் எனக்கு வேலை. கைதிகளின் மருத்துவக் கோப்புகள் இருக்கும் இரும்பு அலமாரியின் சாவி என்னிடம்தான் இருந்தது. ஒரு கோப்பை எடுத்தால் அதன் எண், நேரம், எடுத்த காரணம் மூன்றையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வார்டர்கள் கோப்பைத் திறக்கக் கூடாது. ஒருவனுக்குக் காசநோய் என்று பிளாக்கில் பரவிவிட்டால், அவன் பக்கத்தில் படுக்க ஆள் இருக்காது. சமையலறைக்குக்கூட நோயின் பெயர் போகாது. கைதியின் எண்ணும், அதற்கு நேராக 'சீனி இல்லை', 'உப்பு குறைவு' என்ற குறிப்பும் மட்டுமே போகும். அந்தப் பட்டியலைத் தினமும் காலை எட்டு மணிக்குள் தட்டச்சு செய்தது நான்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, புதிதாக வந்தவர்களின் பட்டியலில் அத்தான் பெயர் இருந்தது. என் தாய்மாமன் மகன். சுங்கை ஊடாங்கில் வெல்டர். கோப்பிக்கடையில் நடந்த அடிதடியில் ஒருவர் கையை உடைத்துவிட்டார். ஆறு மாதத் தண்டனை. அது ஊருக்கே தெரிந்த விஷயம், ஒளிக்க ஒன்றுமில்லை.

அவரை எனக்குத்தான் கட்டுவதாகப் பேச்சு இருந்தது. எனக்கு இருபத்து மூன்று வயதாகும்போது அவர் என் சித்தி மகளைக் கேட்டுக் கட்டிக்கொண்டார். அவள் என்னைவிட நான்கு வயது சின்னவள். அவள் சிரித்தால் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகள், முழு லயமும் திரும்பிப் பார்க்கும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு இது மட்டுமே காரணம் என்றால் பொய், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாலும் பொய்.

சொந்தக்காரர் யாராவது உள்ளே வந்தால் மேலதிகாரியிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தக் கோப்பை வேறு ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். நான்கே வரி எழுதினால் போதும். நான் எழுதவில்லை.

முதல் வாரமே கோப்பைத் திறந்தேன். அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. உள்ளே வந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்திருக்கிறது. அதன் கீழே மருத்துவ உதவியாளர் மலாயில் எழுதியிருந்தார்: மனைவிக்குத் தெரிவிக்க வேண்டாம் என்கிறார், மனைவியின் தகப்பனார் இதே நோயில் காலை இழந்தவர், ஆறு வருடம் அவர் புண்ணைக் கழுவியது மனைவி, வெளியே போனதும் தானே சொல்லிக்கொள்வதாகக் கூறுகிறார்.

நோயின் பெயரைப் படித்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைப் படித்தபோதுதான் காது இரண்டும் சுட்டன. கைதி உடையில், டாக்டர் அறைக்கு வெளியே வரிசையில் நின்றுகொண்டு, அவள் மனசு நோகக் கூடாதே என்று ஒரு மனிதர் கவலைப்பட்டிருக்கிறார். என்னைப் பற்றி யாரும் எங்கேயும் இப்படி ஒரு குறிப்பு எழுத வைத்ததில்லை.

அதற்குப் பிறகும் மூன்று முறை கோப்பை எடுத்தேன். நான்கு முறையும் காரணம் என்ற கட்டத்தில் 'சரிபார்ப்பு' என்று எழுதினேன். சரிபார்க்க எதுவும் இல்லை. அதே குறிப்பைப் படித்தேன்.

இரண்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்கு சித்தி மகள் பாச்சாங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு டப்பா நிறையக் கோழிப் பிரட்டல்.

"அக்கா, நேத்து பார்க்கப் போயிருந்தேன். ஆளு பாதியா இளைச்சிட்டாரு. கேட்டா, ஜெயில் சாப்பாடு அப்படித்தான்னு சிரிக்கிறாரு. நீங்க அங்கதானே இருக்கீங்க, உடம்புக்கு ஏதாச்சுமா? ஒரு வார்த்தை சொல்லுங்க லா."

"சொல்லக் கூடாது. ரூல்ஸ்."

"நான் அவரு பெண்டாட்டிக்கா."

"யாரா இருந்தாலும் அவரு சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும்."

"சரி, வாயால சொல்ல வேணாம். இருக்குன்னா தலையை மட்டும் ஆட்டுங்க."

நான் தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "நீங்க இப்படித்தான், சின்னதுல இருந்தே," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அன்றைய டைரியில் 'விதியைக் காத்தேன்' என்று இருக்கிறது. அது உண்மைதான். அவள் கேட்டைச் சாத்திவிட்டுப் போகும்வரை ஜன்னலோரம் நின்றேன். அவள் புருஷனைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று நினைத்தபோது நெஞ்சு குளிர்ந்தது. இதையெல்லாம் டைரியில் எழுதவில்லை. கோழிப் பிரட்டலை இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

அத்தான் வெளியே வந்து மூன்று வாரத்தில் சுங்கை ரம்பாய் பக்கம் எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழா. தோட்டம் கைமாறிவிட்டது, லயங்களை இடித்துவிட்டார்கள். ஆனாலும் அன்னதானத்துக்கு எல்லாக் குடும்பமும் வந்துவிடும். பாயசம் பரிமாறுவது எங்கள் வீட்டு முறை. அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு: பரிமாறுகிறவர் எந்த இலையையும் தாண்டக் கூடாது. வேண்டாம் என்றால் சாப்பிடுகிறவர்தான் இலைமேல் கையை வைத்து மறைக்க வேண்டும். ஊற்றாமல் தாண்டினால் அந்த வீட்டோடு பகை என்று அர்த்தம்.

அத்தானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் இலைமேல் கை இல்லை. இன்னும் அவளிடம் சொல்லவில்லை என்று புரிந்தது. சொல்லியிருந்தால் மறைத்திருப்பார். கரண்டியில் பாயசத்தோடு அவர் இலைக்கு நேராகக் குனிந்தேன். அவரைப் பார்த்தேன். கரண்டியைச் சாய்க்காமலேயே நிமிர்ந்து, அடுத்த இலைக்குப் போய்விட்டேன். ஆறு மாதம், தினமும் காலையில், அவர் எண்ணுக்கு நேராக 'சீனி இல்லை' என்று அடித்த கை அது. யோசித்துச் செய்யவில்லை.

எதிர் வரிசையில் இருந்த பெரியம்மா பார்த்துவிட்டார். "என்னடி இது! மாமன் மகன் மேல இன்னுமா கோவம்? இருபத்தஞ்சு வருசம் ஆச்சு, விட்டுடு லா!"

வரிசையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள், காலியான இலையைப் பார்த்தாள்.

"மறந்துட்டேன்," என்று சொல்லித் திரும்பி வந்தேன். ஊற்றினால் ரகசியம் நிற்கும், ஊற்றாவிட்டால் வெளிப்பட்டுவிடும். கரண்டியை அவர் இலைமேல் சாய்த்தேன்.

அவள் கையை நீட்டி அவர் இலையை மறைத்தாள். பாயசம் அவள் புறங்கையில் விழுந்தது. சூடு. அவள் கையை எடுக்கவில்லை.

"கோவம்னா மூஞ்சைப் பார்க்காமப் போவீங்க," என்றாள் மெதுவாக. "நீங்க பார்த்துட்டுத் தாண்டுனீங்க. எங்கப்பா இலையை நான் அப்படித்தான்க்கா தாண்டுவேன்." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "எத்தனை நாளா?"

"இன்னிக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம்னு இருந்தேன்," என்றார் அத்தான்.

"மூணு வாரமா இன்னிக்கா?"

அவர் தோளில் கிடந்த துண்டால் அவள் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். சின்ன வயதில், எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைப்பேன் என்பதால், தோட்டத்து ஆபீஸ் கணக்குப்பிள்ளையைச் சொல்வதுபோல் என்னைக் கிராணி என்று கேலி செய்வார். அப்படித்தான் கூப்பிட்டார்.

"கிராணி, என் கோப்பைப் படிச்சியா?"

"நான் யாருகிட்டயும் ஒரு வார்த்தைகூடச் சொல்லலை அத்தான்."

"சொல்லலை, தெரியும். படிச்சியான்னு கேட்டேன்."

வாளியைக் கீழே வைத்தேன். "படிச்சேன்."

"நானே சொல்லணும்னு நினைச்சேன். அது ஒண்ணுதான் கேட்டேன்," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு அதுவாவது கிடைத்திருக்கும்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்குப் பதிவேட்டைத் திறந்தேன். நான்கு இடத்திலும் 'சரிபார்ப்பு' என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து, 'காரணம் இல்லை' என்று எழுதி, பக்கத்தில் அன்றைய தேதியும் கையெழுத்தும் போட்டேன். அத்தான் உள்ளே வந்த அன்றே எழுத வேண்டிய அந்த நான்கு வரியை எழுதி, சாவியோடு மேலதிகாரி மேசையில் வைத்தேன். விசாரணை நடந்தது. இப்போது எனக்கு மருந்து இருப்பு எண்ணும் வேலை. அலமாரி இருக்கும் அறைக்குள் போக அனுமதி இல்லை.

பெரியம்மா போனில் சொன்னார்: அவள் தினமும் காலையில் அவர் விரலில் குத்திப் பார்த்து, சீனி அளவை ஒரு நோட்டில் எழுதுகிறாளாம், இரண்டு பேரும் அதை வைத்துக்கொண்டு சண்டை போட்டுச் சிரிக்கிறார்களாம். அவள் கையெழுத்து எனக்குத் தெரியும், கோணலாக இருக்கும். தேதி போட மறந்துவிடுவாள்.

அந்த நோட்டை ஒரு முறை பார்க்க வேண்டும் போலிருக்கிறது. கேட்கவில்லை.