சிறைக்குத் தண்ணீர் தந்த அக்கா

தொண்ணூறுகளின் தொடக்கம். சண்டை மட்டக்களப்பு நகரத்தை நெருங்கியிருந்த நேரம். வாவிக் கரையோரச் சிறைச்சாலை ஒன்றில் நான் ஜெயிலராக இருந்தேன். எங்கள் அத்தியட்சகர் கொழும்புக்குப் போனவர், பாதை பூட்டப்பட்டதால் திரும்பி வர முடியவில்லை. அனுபவம் போதாத என் தலையில் முழுப் பொறுப்பும் விழுந்தது.

கரண்ட் நின்றது. தண்ணீர் மோட்டாருக்கு டீசலும் முடிந்தது. வளவுக்குள் இருந்த பழைய கிணற்றில் வாயில் வைக்க முடியாத உப்பு. தண்ணீர் லொறியான பவுசர் கேட்டு ஆள் அனுப்பினேன். பாதை திறந்தால்தான் என்றார்கள். கைதிகள் கம்பியைத் தட்டத் தொடங்கினார்கள். காய்ச்சலில் கிடந்த ஒருவருக்கு நாக்கு வறண்டு பேச்சே வரவில்லை.

ஊரடங்கு சற்றுத் தளர்ந்ததும் இரண்டு காவலர்களோடு தண்ணீர்க் கான்களைத் தூக்கிக்கொண்டு சிறைக்குப் பின்னால் வீடுகள் இருந்த ஒழுங்கைக்குப் போனேன். முக்கால்வாசி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒரு வீட்டில் மட்டும் அடுப்புப் புகை தெரிந்தது. படலையைத் தட்டிய பிறகுதான் அது யார் வீடு என்று உறைத்தது. அந்த வீட்டை உடைத்து, மகளின் கல்யாணத்துக்குச் செய்து வைத்திருந்த நகைகளைத் திருடியவன் வழக்கு முடியும்வரை எங்களிடம்தான் விளக்கமறியலில் இருந்தான்.

வெளியே வந்த அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். உடனே வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார். முதல் கான் நிறையும்போது கேட்டார்.

"எங்கட வீட்ட உடைச்சவனும் உள்ளுக்குத்தானே இரிக்கான், சேர்?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஓம் அக்கா."

கயிற்றைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. இனி ஒரு சொட்டும் கிடைக்காது என்றுதான் நினைத்தேன்.

"அவனுக்கும் குடுங்க," என்றார். "வழக்கு வேற, தண்ணி வேற. ஆனா வழக்க நான் விடமாட்டன், சொல்லிப்போட்டன்."

அரசாங்கத்தின் சிறைக்கு உதவியதற்காக நாளைக்கு யாராவது வந்து உங்களைக் கேள்வி கேட்கலாம் என்று எச்சரித்தேன்.

"வந்தா அவங்களுக்கும் ஒரு வாளி அள்ளிக் குடுக்கிறன்," என்று சொல்லிவிட்டு அடுத்த கானை இழுத்து வைத்தார்.

பவுசர் வரும்வரை அந்தக் கிணறுதான் எங்களைக் காப்பாற்றியது. மகளும் கூட நின்று அள்ளினாள். வெடிச்சத்தம் கேட்டால் இருவரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். அடங்கியதும் வந்து மறுபடி கயிற்றைப் பிடிப்பார்கள். காய்ச்சல்காரர் எழுந்து உட்கார்ந்தார். தண்ணீர் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று தெரிந்த அன்று, அந்தத் திருடன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று குடித்தான். பின்னர் வழக்கு நடந்தது. அக்கா சொன்னபடியே வந்து சாட்சி சொன்னார். அவனுக்குத் தண்டனையும் கிடைத்தது.

பிற்காலத்தில் நானே அத்தியட்சகராகிப் பல சிறைகளைப் பார்த்தேன். எங்கே மாற்றலாகிப் போனாலும், கதிரையில் உட்காருவதற்கு முதல் தண்ணீர்த் தாங்கியைப் போய்ப் பார்ப்பேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். "கள்ளன்களுக்கு என்னத்துக்கு இந்த வசதியெல்லாம்?" என்று யாராவது கேட்டால், ஈரக் கயிற்றை இழுத்து இழுத்துச் சிவந்துபோன அந்த அக்காவின் உள்ளங்கைகள்தான் எனக்கு நினைவில் வருகின்றன.