கால் சில்லுன்னு இருக்குன்னு சொன்ன அம்மா

நீ சிரிப்பேன்னு தெரியும் மாப்ள, சிரிச்சுக்க. பேய் பிசாசுன்னு எவனாச்சும் வந்தா போய்த் தூங்கி எந்திரிடான்னு அனுப்புற ஆளு நானு. குழந்தை டாக்டருக்குப் படிச்சிட்டு, பசுமலையில மாமனார் பார்த்து வச்ச கிளினிக்கையும் வேணாம்னுட்டு, இன்னும் வார்டு டாக்டராவே இருக்கேன்ல, சொந்தமா ஒரு போர்டு மாட்டத் துப்பில்லன்னு ஆளாளுக்குப் பேசுறாகல்ல, அதுக்குக் காரணம் இதுதான்.

போன மழைக்காலம், வார்டு பூரா டெங்கு. நீ கண் டாக்டர், உனக்கு மறந்திருக்கும். டெங்குல காய்ச்சல் அடிக்கிறப்பவிட விடுற அன்னைக்குத்தான் ஆபத்து, பிள்ளை பார்க்கத் தெளிவா இருக்கும், கால் மட்டும் சில்லுன்னு ஆகும். பரீட்சைல இத பக்கம் பக்கமா எழுதி மார்க் வாங்குனவன் நான். அம்புட்டும் படிச்சிட்டு, கொட்டாம்பட்டிப் பக்கத்துலருந்து வந்த ஒரு அம்மா "பிள்ளைக்குக் கால் சில்லுன்னு இருக்கு சார்"ன்னு சொன்னப்ப, "காய்ச்சல் விட்டுருச்சும்மா, ஏசி ஓடுதுல்ல, அதான்"னு சொல்லிட்டுச் சாப்பிடப் போயிட்டேன். தொட்டுக்கூடப் பார்க்கல. சாயங்காலம் அந்தப் பொம்பளப்பிள்ள போயிருச்சு, நாலு வயசு. அந்த அம்மா என்னையத் திட்டல, என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு நின்னாக. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். மறுநாளே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டேன்.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் வேலை பார்த்துக் குடுக்கணும்னாக. அதுல கடைசி வாரம், பட்டப்பகல், மணி ரெண்டரை இருக்கும். டியூட்டி ரூம்ல உக்காந்து டிஸ்சார்ஜ் பேப்பர் எழுதிக்கிட்டு இருக்கேன். அதே அம்மா வந்து வாசல்ல நிக்கிறாக. சத்தியமா மாப்ள, உன்னையப் பார்க்குற மாதிரிதான் பார்த்தேன். ஏதோ சர்டிபிகேட்டுக்கு வந்திருக்காகன்னுதான் நெனச்சேன். அவுகதான் சொன்னாக, "ஏழாம் பெட்டுப் பிள்ளைக்குக் கால் சில்லுன்னு இருக்கு சார், வந்து தொட்டுப் பாருங்க"ன்னு.

பேனாவப் போட்டுட்டு ஓடுனேன். ஏழாம் பெட்டுல சமயநல்லூர்ப் பையன் ஒருத்தன், காலையிலதான் காய்ச்சல் விட்டிருந்துச்சு. அவுக அம்மா டீ வாங்கக் கீழ போயிருந்தாக. அவன் செல்போன்ல கார்ட்டூன் பார்த்துக்கிட்டுச் சிரிக்கிறான், காலத் தொட்டா ஐஸு. நாடி நூலு மாதிரி ஓடுது, பிரஷர்ல மேல நம்பரும் கீழ நம்பரும் கிட்டக்கிட்ட ஒட்டிக்கிட்டு நிக்குது. சலைனத் தொறந்து விட்டு, பக்கத்துலயே நின்னோம். அரை மணி நேரம் கழிச்சுப் போயிருந்தா அவனும் இல்ல.

கால் சூடு வந்தப்புறம்தான் சிஸ்டர்ட்ட கேட்டேன், அந்த அம்மா எங்கன்னு. "யாரு சார்? நான் இங்கனயேதான் நிக்கிறேன், யாரும் வரலையே"ன்னாக. கீழ வாட்ச்மேன் அண்ணனும் யாரையும் மேல விடலைன்னு சொல்லிட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலம் பழைய கேஸ் ஷீட்ல நம்பர் எடுத்துக் கூப்பிட்டேன்.  அவுகதான் எடுத்தாக.

"அம்மா, நான் ஆஸ்பத்திரி டாக்டர் பேசுறேன். இன்னைக்கு மதுரைக்கு வந்தீகளா?"

"இல்ல சார், காலையிலருந்து கடலைக் காட்டுலதான் நிக்கிறேன்."

மன்னிப்புக் கேக்கணும்னுதான் வாயத் தொறந்தேன். ரெண்டு மாசமா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தை, ஒண்ணும் வரல.  அப்புறம் அவுகதான் மெதுவாக் கேட்டாக.

"அந்தப் பிள்ளைக்கு இப்பக் கால் சூடு வந்துருச்சா சார்?"

"வந்துருச்சும்மா"ன்னேன்.

"சரி"ன்னு வச்சிட்டாக.

எந்தப் பிள்ளையப் பத்தியும் நான் ஒரு வார்த்தை சொல்லல மாப்ள. மறுநாள் போயி ராஜினாமாவத் திருப்பி வாங்கிக்கிட்டேன். நம்பர் இன்னும் போன்ல கிடக்கு, மறுபடி கூப்பிடத்தான் தைரியம் வரல.