சாய்ந்த எழுத்தில் ஒரு வரி

எங்கள் வீட்டில் இரண்டு டைப்ரைட்டர்கள் இருந்தன. தஞ்சாவூர் தாலுகா ஆபீஸுக்குப் பக்கத்தில், வீட்டு முன்னறையிலேயே அம்மா மனு அடித்துக் கொடுத்துவந்தாள். ஆட்சிமொழி தமிழ் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தாலும் வக்கீல்கள் மனுவை இங்கிலீஷில்தான் கேட்டார்கள். ஒரு மெஷினில் எழுத்துகள் நேராக விழும். மற்றதில் வலப்பக்கம் சாய்ந்து, கொக்கி வால் எதுவுமில்லாமல் வெறும் கோடுகளாக விழும். ஒல்லி ‘ஐ’க்கும் குண்டு ‘டபிள்யூ’வுக்கும் இரண்டிலும் ஒரே அகலம்தான். சாய்ந்த மெஷின் வாழ்த்து மடலுக்கு மட்டும். மனுவுக்கு அதைத் தொடவே கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பு. எனக்குப் பத்து வயது. டைப் அடிக்கத் தெரியும் என்ற திமிர் வேறு.

குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்திருந்த சமயம். திருவையாற்றுப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து மனு அடித்துக்கொண்டு போனார். பெயர் ஏறாவிட்டால் மிராசுதார் அவரை நிலத்தைவிட்டு வெளியேற்றிவிடுவார். சர்வே நம்பர் அவர் கையில் இல்லாததால் அந்த ஒரு வரியை மட்டும் அம்மா காலியாக விட்டிருந்தாள்.

சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, விசாரணையன்று காலையில் நம்பரோடு வந்தார். அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் வீட்டில் நான் மட்டும்தான்.

“பதினோரு மணிக்குக் கூப்பிட்டுடுவாங்க பாப்பா” என்று தவித்தார்.

நானே அடித்துத் தருகிறேன் என்று காகிதத்தை வாங்கினேன். அழகாக இருக்கட்டுமே என்று சாய்ந்த மெஷினில் ஏற்றினேன். காலியிடத்துக்கு எத்தனை எழுத்து என்று எண்ணி அடித்தேன். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிட்டது.

“முத்து முத்தா இருக்கு பாப்பா” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மத்தியானம் அவர் திரும்பி வந்தபோது அம்மாவும் வீட்டுக்கு வந்திருந்தாள். கையெழுத்தெல்லாம் ஆன பிறகு செருகிய வரி இது என்று மிராசுதாரின் வக்கீல் அந்தச் சாய்ந்த எழுத்தைக் காட்டியிருக்கிறார். மனு தள்ளுபடி.

“இந்த மெஷின்ல யாருடி அடிச்சது?” அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“பாப்பா வேண்டாம்னுதாம்மா சொல்லுச்சு. நான்தான் அழகா இருக்கட்டும்னு இதுல அடிக்கச் சொன்னேன்” என்றார் அவர்.

அம்மா அவரைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டாள். அவர் தலையைக் குனிந்தபடி நின்றார். நான் தூணைச் சுரண்டிக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்தச் சம்பாவுக்கு அவர் நிலத்தில் வேறொருவர் நாற்று நட்டார். அம்மா அதைச் சொல்லி வருத்தப்பட்டபோதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்கு விளங்கியதெல்லாம் அவர் பொய் சொன்னார் என்பது மட்டும்தான். பெரியவர்கள்கூட இப்படிக் கூசாமல் புளுகுவார்களா என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் சிநேகிதியிடம் சொல்லிச் சிரித்தேன்.