சவரிராயன் கடைந்த நாலாவது கால்

முத்தியால்பேட்டையில் மரக் கடைசல் பட்டறை வைத்திருந்த சவரிராயனுக்குத் தன் கையைப் பற்றி இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அளவுகோலைத் தொடவே மாட்டார். "எங் கைக்கே எல்லாந் தெரியும்" என்பார். அந்தக் கை யார் சொல்படி ஆடியது என்பது 1958-இல்தான் வெளியே வந்தது.

அதுவரை கட்டையில் சுற்றிய கடைசல் கயிற்றை இழுத்தது அவர் மனைவி பெர்னதெத். ஒரு முனையை இழுத்தால் கட்டை சவரிராயன் பக்கம் சுழலும், உளி வைக்கலாம். மறுமுனையை இழுத்தால் எதிர்ப்பக்கம் சுழலும், உளியை எடுத்துவிட வேண்டும். அந்த அம்மாள் முதல் இழுப்புக்கு ஒரு திட்டு திட்டுவார், மறு இழுப்பில் மூச்சு வாங்குவார். இருபது வருடமாக இதுதான் நடந்தது.

பிறகு பழைய மாவு மில் மோட்டார் ஒன்று வந்து சேர்ந்தது. "இனிமே நீ மகாராணி" என்றார் சவரிராயன். மகாராணியும் போய்ப் படுத்துக்கொண்டார்.

கனகசெட்டிக்குளத்து மீன் வியாபாரி தெய்வசிகாமணி, மகள் கல்யாணத்துக்கு நாலு கட்டில் கால் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் கிடைக்காவிட்டால் வேறு பட்டறை என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

மோட்டார் ஓடியது, கட்டை சுழன்றது, உளி மட்டும் இறங்கவில்லை. திட்டு வரட்டும் என்று கை அந்தரத்தில் காத்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினால், மூச்சு வாங்கும் நேரத்துக்குத் தானாக எழும்பியது. புதன்கிழமைக்குள் மூன்று கட்டைகள் கரும்பு மாதிரி கணுக்கணுவாகி அடுப்புக்குப் போயின. மானம் பார்த்தால் பிழைப்பு போய்விடும்.

"பெர்னதெத்து, வந்து கொஞ்சம் திட்டேன்."

"இன்னாது?"

"மூச்சு வுடாம திட்டணும். மோட்டாரு நிக்காது பாரு."

அந்த அம்மாள் நாற்காலி போடச் சொன்னார், காபி போடச் சொன்னார், அப்புறம் ஆரம்பித்தார். கல்யாண மோதிரத்தைத் தொலைத்தது, மாமியார் கொடுமை, கோயில் திருநாளில் குடித்துவிட்டு நடு மத்தியானத்தில் மணியடித்தது என்று ஒன்றையும் விடவில்லை. மூன்று கால்கள் வழவழவென்று வந்தன. நாலாவதில் பாதி முடியும்போது திட்டுவதற்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னார்.

"இருவது வருசமா இழுத்தேனே, தோளு வலிக்குதான்னு ஒரு நாளாவது கேட்டியாய்யா?"

உளி துள்ளி விழுந்து கட்டையில் ஒரு வளையம் வெட்டியது. சவரிராயன் மோட்டாரை நிறுத்தினார்.

"வலிக்குதா?"

"மொதல்ல காலை முடிய்யா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் பெர்னதெத்.

வெள்ளிக்கிழமை தெய்வசிகாமணி நாலாவது காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சவரிராயன் மற்ற மூன்றையும் முன்னால் தள்ளி வைத்தார்.

"அட, இந்த வளையம் ஜோரா கீதே! மத்த மூணுக்கும் போட்டுடு. சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

வேண்டுமென்றே வெட்டப் போனால் கை கேட்கவில்லை. ஆகவே பெர்னதெத் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, காலுக்கு ஒரு தடவை அதே கேள்வியைக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் உளி துள்ளியது. ஒவ்வொரு தடவையும் சவரிராயன் மோட்டாரை நிறுத்திவிட்டு, "வலிக்குதா?" என்று கேட்டார்.

மூன்றாவது தடவைதான் பதில் வந்தது.

"வலது தோளுய்யா."