கடைசிச் சுற்றுக்கு ஒரு கால்

நாற்காலி வேண்டாமா என்று முதல் நாளே கேட்டாள் பாஞ்சோ வாசிப்பவள். வேண்டாம் என்றேன். நான் யாழ்ப்பாணத்தில் கர்நாடக வயலின் படித்தவள். தரையில் சம்மணமிட்டு, வலது பாதத்தைச் சற்று முன்னே விட்டு, வயலினின் தலையை அதன்மேல் ஊன்றித்தான் எனக்கு வாசிக்கத் தெரியும்.

அது லா ஷப்பேல் என்ற தமிழ்க் கடைத்தெருவில் ஒரு கஃபேயின் பின் அறை. ஞாயிறு பின்னேரங்களில் மூன்று பேர் அங்கே கூடி, அமெரிக்க மலைநாட்டு மக்கள் நடனத்துக்கென்று வாசித்த பழைய மெட்டுகளை வாசிப்பார்கள். ஒரு வயலின், ஒரு பாஞ்சோ, ஒரு கிட்டார். தமிழ்க் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு ரயிலுக்குப் போகும் வழியில் அந்தச் சத்தம் கேட்டு உள்ளே நுழைந்தேன். அடுத்த கிழமை என் வயலினையும் ஒரு சிறு பாயையும் கொண்டுபோனேன்.

சுருதி சிக்கலாக இருக்கவில்லை. சில மெட்டுகளுக்கு அவர்கள் தந்திகளை மாற்றிக் கூட்டுவார்கள்; அந்தக் கூட்டு எங்கள் ச-ப-ச-ப தான். கமகம்தான் சிக்கல். "சுரத்தை அசைக்காதீர்கள். ஆடுகிறவர்களுக்கு உங்கள் வில்தான் கேட்கவேண்டும்" என்று பாஞ்சோக்காரி சொல்லிக்கொண்டே இருந்தாள். விரல்களை அடக்க ஒரு குளிர்காலம் முழுவதும் எடுத்தது.

தனி ஆவர்த்தனம் என்று எதுவும் கிடையாது. எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்து, சுற்றுச் சுற்றாக, கால் மணி நேரம் வரைகூட வாசிப்பார்கள். புறநகரில், கார்ஜ் லே கொனெஸில், எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் பழகும்போது கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார்.

"இஞ்சேரும், உது எப்ப முடியும்? ஒரே சங்கதியை எத்தினை தரம்?"

"தொடங்கின ஆள் கடைசிச் சுத்திலை காலைத் தூக்க வேணும். அதைப் பாத்துத்தான் எல்லாரும் ஒண்டா நிப்பாட்டுவினம்."

"காலோ? வடிவான சங்கீதம்! லைட் போஸ்டைக் கண்ட நாய் மாதிரி."

வசந்தத்தில் வயலின்காரி வேலை மாறித் துலூஸுக்குப் போவதாகச் சொன்னாள். அவளுடைய இடம் எனக்கு வேண்டும் என்று அன்றே தெரிந்துவிட்டது. இந்த ஊரில் எனக்கென்று நானே தேடிக்கொண்டது அந்த ஞாயிறு ஒன்றுதான். பாஞ்சோக்காரி நேராகச் சொன்னாள்: "சனிக்கிழமை ஒரு நடனத்துக்கு வாசிக்கப்போகிறோம். அதில் ஒரு மெட்டை நீங்களே தொடங்கி நீங்களே முடியுங்கள். ஆடுகிறவர்கள் தடுமாறாவிட்டால் இடம் உங்களுக்கு."

அதுவரை நான் எந்த மெட்டையும் தொடங்கியதில்லை. மற்றவர்களின் காலைப் பார்த்தே நிறுத்தி வந்தேன். தரையில் இருப்பதால் அவர்களுடைய சப்பாத்து என் கண்ணுக்கு நேரே இருக்கும். கால் எழுந்தால் முதலில் காண்பது நான்தான்.

சனிக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. வயலின்காரியும் ஆட இறங்கிவிட்டாள். கணவர், எல்லோருடைய கோட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். மெட்டு நன்றாகவே ஓடியது. ஆடுகிறவர்களுக்கு மைக்கில் ஆட்டத்தின் அடிகளைச் சொல்லிக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாள். இன்னும் ஒரு சுற்று, பிறகு முடி.

அப்போதுதான் உறைத்தது. என் காலின் மேல் வயலின் நிற்கிறது. மற்றக் கால் அதற்குக் கீழே மடங்கிக் கிடக்கிறது.

கச்சேரியில் முடிப்பதுபோல் கடைசிப் பிடியை மூன்று தரம் வாசித்தேன். கிட்டார்க்காரர் நான் ரசித்து வாசிப்பதாக நினைத்துச் சிரித்துவிட்டு இன்னும் பலமாக அடித்தார். பாஞ்சோக்காரி என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்று முடிந்து அடுத்தது தொடங்கியது. அடிகள் சொல்லி முடிந்திருந்ததால் வரிசையில் இரண்டு சோடிகள் மோதிக்கொண்டன.

"காலைத் தூக்குமன்!" என்றார் கணவர்.

"எப்பிடித் தூக்கிறது? வயலின் விழும்!"

அவர் கோட்டுகளை அணைத்துப் பிடித்துக்கொண்டு தன் வலது காலை நேரே நீட்டித் தூக்கினார். பாஞ்சோக்காரி அந்தச் சப்பாத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டினேன். கிட்டார்க்காரரும் கண்டுகொண்டார். சுற்று முடியும்வரை கணவர் காலை இறக்கவில்லை, தொடை நடுங்கியது. மூவரும் ஒரே சுரத்தில் நின்றோம்.

வயலின்காரி மூச்சு வாங்கியபடி வந்து என் தோளைத் தட்டினாள். பாஞ்சோக்காரி கணவரைக் காட்டி பிரெஞ்சில் ஏதோ வேகமாகச் சொன்னாள்.

"என்னவாம்?" என்றார் அவர்.

"மோதினது ரெண்டு சோடிதானாம், பரவாயில்லையாம். இடம் எனக்குத்தானாம். ஆனா உங்கடை காலும் வர வேணுமாம்."

"அப்ப நல்ல சப்பாத்து ஒண்டு வாங்கித் தாரும்."

பிறகு நாற்காலியில் இருந்தும் பழகிப் பார்த்தேன். நாடிக்கும் தோளுக்கும் இடையில் வயலின் நிற்கவில்லை. ஆகவே ஞாயிறுகளில் இருவருமாகப் போகிறோம். நான் கண்ணைக் காட்டும்போது அவர் தூக்கவேண்டும் என்பது ஏற்பாடு. பசி எடுத்தால் ஒரு சுற்று முன்னதாகவே தூக்கிவிடுகிறார். தூக்கினால் நிறுத்தத்தான் வேண்டும்.