பின்வாசல் வெண்டி

அன்று நான் போட்ட சத்தத்தை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

தில்லையடியில் சில குடும்பங்கள் சேர்ந்து செய்யும் தோட்டத்தில் எனக்கும் ஒரு பாத்தி கிடைத்தது. எல்லாப் பாத்தியிலும் வெண்டிக் கன்றுதான் நட்டிருந்தார்கள். "வாசல்லயிருந்து மூணாவது உங்கட" என்றார்கள். வீட்டுக்குக் கிட்ட என்பதால் நான் தோட்டத்தின் பின்வாசலால் போய், எண்ணி, மூன்றாவதுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். பூத்தபோது அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

காய்ச்சலென்று இரண்டு நாள் போகவில்லை. மறுநாள் போனால், மறுகோடியில் தோட்டம் செய்யும் ரிஸ்மியா ராத்தா என் காய்களைப் பறித்துக்கொண்டிருந்தார்.

"ஆரைக் கேட்டு என்ட காயில கை வெச்சீங்க?" எல்லோரும் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அவர் கோபிக்கவில்லை. "உங்களக் காணல்ல, காய் முத்திப்போகும் எண்டுதான் பறிச்சேன். இது என்ட பாத்தி, தங்கச்சி. அவங்க சொன்னது முன்வாசல்லயிருந்து மூணாவது. உங்கட அந்தா இருக்கு."

அந்தக் கோடியைப் பார்த்தேன். ஒரு களை இல்லை. செடி நிறையக் காய்.

"அதுக்கு ஆரு தண்ணி ஊத்தினது?"

"நான்தான். நீங்க வாளியத் தூக்கிக்கொண்டு அவ்வளவு ஆசையா வருவீங்க. அதக் கெடுக்க மனம் வரல்ல."

அழுகை வருமென்று நினைத்தேன், சிரிப்பு வந்தது. ராத்தாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எது யாருடையது என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பின்வாசலால்தான் போகிறேன். முதல் வாளித் தண்ணீர் ராத்தாவின் பாத்திக்குத்தான். என் பாத்தி அதற்குள் நனைந்திருக்கும்.